உங்கள் பிள்ளைக்குக் கை கால் ஒத்துழைக்கிறதா? வீட்டிலேயே கவனித்துப் பார்க்கும் முறை

டம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் தரையில், சட்டைப் பித்தான் மாட்டுவதற்குள் பள்ளி வேன் வந்துவிடும், பந்தைப் போட்டால் கை மூடுவதற்குள் அது நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்திருக்கும். இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் "சோம்பேறி", "கவனமே கிடையாது" என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஓரிரு வாரம் பிள்ளையைக் கவனியுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு உடம்பு அசைவுகளை ஒருங்கிணைப்பதிலேயே சிரமம் இருக்கிறது. டாக்டர்கள் இதை டிசிடி (டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர்) என்பார்கள், டிஸ்பிராக்சியா என்று சொல்பவர்களும் உண்டு. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பையன்களிடம் கூடுதலாகத் தெரிகிறது, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

5 வயதுக்கு முன்னால் இந்தப் பெயரைப் பொதுவாகச் சூட்டமாட்டார்கள். அதுவரை ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேகத்தில் வளரும் என்பதுதான் காரணம்.

கவனிக்கத் தொடங்கும் முன் ஒரு விஷயம். நம் செட்டிநாட்டுப் பக்க வீடுகளில் ஆயாவும் அப்பத்தாவும் ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட ஊட்டிவிடுவார்கள், பித்தானும் மாட்டிவிடுவார்கள். செய்யவே விடாத வேலையைப் பிள்ளைக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது? முதலில் அந்த வேலைகளைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள், சிந்தினாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று வாரம் பழகட்டும். அதற்கு அப்புறம் பார்ப்பதுதான் கணக்கு. "டெஸ்ட்" என்ற வார்த்தையே வாயில் வரவேண்டாம், விளையாட்டாகவே போகட்டும். பசி, தூக்கம், விருந்தாளிக் கூட்டம் எதுவும் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஒத்த வயதுப் பிள்ளை இன்னொன்று கூட விளையாடினால் நல்லது, ஆனால் "அவனைப் பார், எப்படிச் செய்கிறான்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

சமநிலையைப் பார்க்க நம் வளவே (வீட்டு நடுமுற்றமே) போதும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் இரண்டு கல் சேரும் கோடு நேராக ஓடும், அதன்மேல் ஒரு காலின் குதிங்காலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். வெறுங்கால்தான், ஈரம் இருக்கக்கூடாது, அந்தத் தரை வழுக்கும். கோட்டை முடித்தானா என்பதை மட்டும் பார்க்காதீர்கள், எப்படி முடித்தான் என்று பாருங்கள்: கை இரண்டும் விரைத்துக்கொண்டு நிற்கிறதா, கண் காலைவிட்டு எழவே இல்லையா, வாயும் சேர்ந்து கோணுகிறதா. அப்புறம் ஒற்றைக்காலில் நிற்க வைத்து, இரண்டு காலுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். 5 வயதில் சில விநாடியாவது நிற்பார்கள், 6 வயதை நெருங்கும்போது பலருக்கு 10 விநாடி வந்துவிடும். பாண்டி ஆடும்போது நொண்டியடித்துத் தாவுவதைவிட, கட்டத்துக்குள் வந்து நிற்கிற இடத்தைத்தான் நான் உற்றுப் பார்ப்பேன். தாவுவது வேகத்தில் வந்துவிடும், நிறுத்துவதற்குத்தான் கட்டுப்பாடு வேண்டும்.

பந்துக்கு ஆறேழு அடி தள்ளி நின்று மென்மையான பந்தை இரண்டு கைக்கும் பத்து முறை போட்டு எத்தனை பிடிக்கிறான் என்று எண்ணினால் போதும். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறானா, கை முன்கூட்டியே விரிந்து காத்திருக்கிறதா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைவேலைக்குப் பல்லாங்குழியைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரியாது. ஒரு குழியின் புளியங்கொட்டைகளை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெருவிரலால் ஒவ்வொன்றாக விரல் நுனிக்குத் தள்ளி அடுத்தடுத்த குழியில் போடவேண்டும் இல்லையா, அந்த ஒரு அசைவில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. சிரமப்படும் பிள்ளை மூன்று நான்கு கொட்டைகளைச் சேர்த்துக் கொட்டிவிடும், அல்லது எல்லாவற்றையும் மடியில் போட்டுக்கொண்டு ஒன்றொன்றாகப் பொறுக்கும், அல்லது ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்துப் போடும். எண்ணிக்கை சரியாகத் தெரியும், எந்தக் குழியில் போட்டால் எவ்வளவு கிடைக்கும் என்றுகூடச் சொல்லும், கைதான் வராது. (சின்னத் தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் கொட்டை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) எழுதும்போது பென்சிலை அழுத்தித் தாள் கிழிகிறதா, கொஞ்ச நேரத்திலேயே கை வலிக்கிறது என்கிறானா என்பதும் முக்கியம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, சொல்லிக்கொடுத்தால் ஏறுகிறதா என்பதுதான். பிள்ளை இதுவரை செய்யாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பூட்டைச் சாவி போட்டுத் திறப்பது மாதிரி. தினமும் ஐந்து நிமிஷம், ஒரு வாரம். மற்ற பிள்ளைகள் நாளுக்கு நாள் தேறுவார்கள். டிசிடி உள்ள பிள்ளைக்கு நேற்று வந்தது இன்றைக்கு வராமல் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவது போலவே தெரியும். பிடிவாதம் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்.

பார்த்ததை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், செல்போனில் வீடியோவும் எடுங்கள், டாக்டர் அறையில் பிள்ளை வீட்டில் செய்வதுபோல் செய்யாது. வீட்டில் பார்த்ததை வைத்து நீங்களே முடிவுகட்ட வேண்டாம். முறையான சோதனை வேறு. உலகம் முழுக்கப் பயன்படுகிற மூவ்மென்ட் ஏபிசி சோதனையின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு 3 முதல் 16 வயது வரைக்கானது. கைவேலை, எறிந்து பிடிப்பது, சமநிலை என்று மூன்று பிரிவில் எட்டு வேலைகள் கொடுப்பார்கள். அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசைப்படுத்தினால் கடைசி 5 பேருக்குள் வருகிற பிள்ளைக்குச் சிவப்பு, அதற்கு மேலே 15 வரை மஞ்சள், அதாவது தொடர்ந்து கவனிக்கவேண்டும். அதன் அளவுகோல் இங்கிலாந்துப் பிள்ளைகளை வைத்து வந்தது, ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் அன்றாட வாழ்க்கையில் என்ன தடைபடுகிறது என்றும் கேட்கிறவரிடம் போங்கள்.

சில அறிகுறிகளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கக்கூடாது: நன்றாகச் செய்துகொண்டிருந்தது திடீரென வராமல் போவது, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனம், தரையிலிருந்து எழும்போது தொடைமேல் கையை ஊன்றி ஊன்றி ஏறுவது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது, அடிக்கடி விழுவதோடு தலைவலி, வாந்தி. இவை வேறு நோயாக இருக்கலாம், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த அறிகுறிகள் இல்லையென்றால் முதலில் பிள்ளையின் கண்ணைப் பரிசோதியுங்கள், சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அரசுப் பள்ளி, அங்கன்வாடிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் நோட்டைக் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய திட்டம், 18 வயது வரை இலவசம், மேல்சிகிச்சை தேவையென்றால் அவர்களே அனுப்பிவைப்பார்கள். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை மாவட்டம், செட்டிநாட்டில் சில ஊர்கள் புதுக்கோட்டையில் வரும், உங்கள் மாவட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி வழியாக வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரையும் கேட்கலாம். தனியாரிடம் போவதானால் பிள்ளைகளைப் பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) சரியான ஆள்.

இவர்களைப் பார்க்கத் தேதி கிடைக்கும்வரை சும்மா இருக்கவேண்டாம். எது வரவில்லையோ அதையே சின்னச் சின்னப் படியாக உடைத்துப் பழக்குங்கள். பித்தான் என்றால் முதலில் பெரிய பித்தான் வைத்த சட்டையைத் தரையில் விரித்து, பாதி நீங்கள் நுழைத்து, மீதியை அவன் இழுக்கட்டும். அது வந்தபிறகு முழுதாக, அப்புறம் உடம்பில் போட்டுக்கொண்டு. வகுப்பு ஆசிரியரைப் பார்த்து எழுதுவதற்குக் கூடுதல் நேரம் தரச்சொல்லிக் கேளுங்கள், முடியாதென்றால் சில பதில்களை வாய்மொழியாகவாவது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.