நாயை வீட்டுக்குக் கொண்டுவருமுன் வீட்டில் பேசி முடியுங்கள்

நம் குமரி மாவட்டத்தில் சந்தைப் பக்கம் சாக்கில் கட்டிப் போட்ட குட்டிகள், திருவனந்தபுரம் ரோட்டில் வண்டி இடித்துக் கிடக்கும் நாய், வீடு மாறிப் போனவர்கள் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்ட லாப்ரடார். இப்படி ஒன்றைச் சில வாரமோ சில மாதமோ வீட்டில் வைத்துத் தேற்றி, நிரந்தரமாக வளர்க்கப்போகிறவர்களிடம் கொடுப்பதைத்தான் ஃபாஸ்டர் என்கிறோம். குட்டிகளைக் கூட்டமாகக் கூண்டில் அடைத்தால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். அதற்கு ஒரு வீட்டின் பின்பக்கச் சாய்ப்பு (சரிவுக் கூரை இறக்கிய ஒதுக்கிடம்) எவ்வளவோ மேல்.

நாயைச் சமாளிப்பது இதில் பாதி வேலைதான். மீதிப் பாதி வீட்டில் இருப்பவர்களைச் சமாளிப்பது. அதனால் நாய் உள்ளே வருமுன்பே அது எப்படி வெளியே போகும் என்று பேசி முடித்துவிடுங்கள். எவ்வளவு நாள் வைத்திருப்போம்? மருத்துவச் செலவு யாருடையது, நம்முடையதா மீட்டுக் கொண்டுவந்தவருடையதா? நடுவில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் வாட்ஸாப்பில் எழுத்தாக இருக்கட்டும். "நீங்க முதல்ல எடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்பவரிடமிருந்து எடுக்காதீர்கள். அந்த அப்புறம் வரவே வராது.

வீட்டுப் பேச்சில் மாமியாரையும் சேருங்கள். "பட்டி (நாய்) அடுக்களைக்குள்ள வந்தா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்" என்று ஒருவர் சொன்னால் அதைச் சிரித்துத் தள்ளாமல், நாய் எந்த வாசல் வரை வரலாம், சாமி அறைப் பக்கம் எப்படி, இரவில் எங்கே படுக்கும் என்று ஒரு கோடு போட்டு எல்லாரும் அதில் நில்லுங்கள். ஒருவர் உள்ளே விட, இன்னொருவர் விரட்ட, நாய்தான் குழம்பும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும், எப்படியிருந்தாலும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "கடிச்சா ஆரு பொறுப்பு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தடுப்பூசி அட்டையைக் காட்டுவதுதான் அதற்குச் சரியான பதில்.

எந்த நாயை எடுக்கலாம்

தெருவில் நிற்கிற எல்லா நாயையும் மீட்க வேண்டியதில்லை. தன் தெருவில், தன் கூட்டத்தோடு, நாலு வீட்டுச் சோற்றில் நன்றாக இருக்கும் பெரிய நாயைப் பிடித்து வீட்டுக்குள் பூட்டினால் அதற்கு அது தண்டனை. 2023 விலங்குகள் கருத்தடை விதிகளும் கருத்தடையும் ஊசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடத்தான் சொல்கின்றன. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலைய வளாகங்கள் போன்றவை விலக்கு, அங்கே பிடித்ததை அங்கே விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஃபாஸ்டர் வீடு தேவைப்படுவது தாயில்லாத குட்டிகளுக்கும், அடிபட்டுக் கட்டுப் போட்டவற்றுக்கும், வீட்டில் வளர்ந்து தெருவில் பிழைக்கத் தெரியாமல் நிற்பவற்றுக்கும்தான். இப்படிக் கிடக்கும் குட்டிகளில் கூடுதலும் பெட்டையாகத்தான் இருக்கும், வளர்ந்தால் குட்டி போடும் என்றுதான் விட்டுவிடுகிறார்கள்.

முதல் தடவை என்றால் அடிபட்ட, ஆனால் சாதுவான பெரிய நாய் ஒன்றை எடுங்கள். எல்லாரும் குட்டிக்குத்தான் ஆசைப்படுவார்கள், ஆனால் நாலு வாரம்கூட ஆகாத குட்டிக்கு ராத்திரியிலும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். அதுவும் பசும்பால் போதாது, குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பொடி வேண்டும். குப்புறப் படுக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும், மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். கண் திறக்காத குட்டிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடியில் துடைத்தால்தான் மூத்திரமே போகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஆகிற காரியமில்லை.

வீட்டைத் தயார் செய்வது

நம்மூர் விளைகளில் (தோட்டங்களில்) பெரிய ஆபத்து கிணறுதான். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் மேலே வலை போட்டுக் கட்டிவிடுங்கள், புதிதாக வந்த நாய் பயந்து ஓடும்போது எதையும் பார்க்காது. கேட்டுக்கு அடியில் தலை நுழைகிற சந்து இருந்தால் உடலும் நுழையும், கம்பிவலை அடியுங்கள். ரப்பர் தோட்டத்துக்கு வாங்கிய அமிலம், வாழைக்கு வாங்கிய மருந்து, எலிப் பாஷாணம் எல்லாம் சாய்ப்பிலிருந்து வெளியேறட்டும். கொளச்சல், முட்டம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் முற்றம் இருக்காது, உடனே மொட்டைமாடியைத்தான் நினைப்பார்கள். வெயிலில் அந்தத் தளம் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். வீட்டுக்குள் ஒரு மூலையே போதும், ஒரு மேசைக்கு அடியில் பழைய புடவை விரித்து, மூன்று பக்கமும் துணி தொங்கவிட்டால் நாய் தானாக அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறதா? அதற்கு எல்லா ஊசியும் முடிந்திருக்க வேண்டும், அப்படியும் புதியதை 14 நாள் தனியாக வையுங்கள். தட்டு, தண்ணீர்ச் சட்டி, துடைக்கிற துணி எல்லாம் வேறு வேறாக. இதைச் சொன்னால் "பாவம், தனியா கிடக்குதே" என்பார்கள். பார்வோ என்ற வைரஸ் குடல்நோய் வந்த குட்டியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தக் கழிச்சல், இவற்றில் ஏதாவது தெரிந்தால் நாளைக் காலை என்று தள்ளாமல் அன்றே டிரிப் ஏற்றக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் சாகாது. பிளீச் திரவம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 மில்லி கலந்து, முதலில் சோப்புப் போட்டுக் கழுவிய தரையில் ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டுப் பிறகு அலசுங்கள். மண் முற்றத்தை இப்படிச் சுத்தம் செய்யவே முடியாது. பார்வோ வந்த முற்றத்தில் ஊசி போடாத அடுத்த குட்டியை ஒரு வருடத்துக்கு இறக்காமல் இருப்பதே நல்லது.

ஊசி, புழு, உண்ணி

வந்த அன்றோ மறுநாளோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். 1962 என்ற எண் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான இலவச எண், போனில் பதிந்து வையுங்கள். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போகும். ரேபிஸ் (வெறிநோய்) ஊசி மூன்று மாதத்தில். எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் அந்தக் கூட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) துலாம் மழையும் (வடகிழக்குப் பருவமழை) பெய்து, வயலும் ஓடையுமாக இருக்கிற நம் மாவட்டத்துக்கு அது அவசியம். நாயின் மூத்திரம் வழியாக நமக்கும் தொற்றும், கையுறை போட்டுக் கழுவுங்கள்.

மழை விட்டதும் உண்ணி கிளம்பும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் பாருங்கள். அதற்கு மண்ணெண்ணெய் தடவுவது, வாழைக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டுவது எல்லாம் நாயையே கொன்றுவிடும். காய்ச்சல் என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள்.

கடி பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நேற்று ரேபிஸ் ஊசி போட்ட நாய் இன்று பாதுகாப்பானது ஆகிவிடாது, முன்பே கிருமி உடலில் புகுந்திருந்தால் அந்த ஊசி காப்பாற்றாது. சின்னக் குட்டிக்கும் ரேபிஸ் வரும். பல் பட்டாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் ஊசி தொடங்கும் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆவது நாள் என்று நாலு நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் (உடனே கிருமியை எதிர்க்கும் மருந்து) பற்றியும் கேளுங்கள். நாயை 10 நாள் கவனிப்பது வேறு, அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தொடர்ந்து ஃபாஸ்டர் எடுப்பதாக இருந்தால் வீட்டிலுள்ளவர்கள் கடிபடுவதற்கு முன்பே போடும் மூன்று ஊசியை மருத்துவரிடம் பேசிப் போட்டுக்கொள்ளலாம்.

சாப்பாடும் பழக்கமும்

பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை. குருணைக் கஞ்சியில் வேகவைத்த கோழி, முள் எடுத்த சாளை (மத்தி மீன்), போதும். உப்பு, மசாலா, உள்ளி (வெங்காயம்), பூண்டு கூடாது. அதாவது நம் மீன்குழம்பு மிச்சம் நாய்க்கு ஆகாது. வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். பச்சை மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) அதன் தோலும் விஷம், உரித்துக் குவித்த இடத்தில் நாயை விடாதீர்கள்.

முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் சொந்த குணம் வெளியே வரும் என்று மீட்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், ஏறக்குறைய சரிதான். அந்த முதல் நாட்களில் உறவுக்காரர்களைக் கூட்டி வேடிக்கை காட்ட வேண்டாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளையை நாயோடு தனியே விட்டுவிட்டுத் துணி காயப்போடப் போகாதீர்கள். மூத்திரப் பழக்கம் எளிது: எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள், உள்ளே போய்விட்டால் அடிக்காமல் துடையுங்கள்.

தனியாக இருக்கப் பழக்குவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும், பாட்டி இருப்பார், நாய் அவர் காலடியிலேயே கிடக்கும். எடுக்கப்போகிறவர்களோ திருவனந்தபுரத்தில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற தம்பதியாக இருக்கலாம். அன்று முதல் பத்து மணி நேரம் தனியாக இருக்கச் சொன்னால் அது கதவைக் கிழிக்கும், அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். இங்கேயே ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

அப்புறம் வெடி. தீபாவளியோடு முடிகிற ஊர் இல்லை நம்முடையது. கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, நடுவில் ஊர்தோறும் கோவில் விழாவும் ஆலயத் திருவிழாவும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை எந்த ராத்திரியும் வெடிக்கலாம். நல்ல நாய்கள் காணாமல் போவது இப்படித்தான். பங்கு ஆலயத் திருவிழாத் தேதியையும் கோவில் விழாத் தேதியையும் முன்பே விசாரித்து, அன்று மாலை சீக்கிரம் நடத்திக் கூட்டிவந்து, உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் டிவியையும் போட்டு வையுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதிய தகடு எந்நேரமும் இருக்கட்டும். வெளியே போகும்போது பட்டையோடு மார்புவாரும் சேர்த்து மாட்டுங்கள், பயந்த நாய் பின்னால் இழுத்தால் வெறும் பட்டை தலை வழியே கழன்றுவிடும்.

கொடுக்கும்போது

"ரப்பர் விளைக்குக் காவலுக்கு ஒரு நாய் வேணும்" என்று கேட்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அங்கே யார் குடியிருக்கிறார்கள், ராத்திரி நாய் எங்கே படுக்கும், பகலில் சங்கிலியிலா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஆளில்லாத விளையில் கட்டிப்போட என் கையால் நாயைக் கொடுக்க மாட்டேன். எல்லாரிடமும் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ போக நேர்ந்தால் இது யாரிடம் இருக்கும்? வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா என்பதை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பாருங்கள், கேட்டைத் திறக்கும் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும். ஊசிகளையும் கருத்தடையையும் முடிப்பது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாருக்கும் தள்ளிவிடாமல் உங்களிடமே திருப்பித் தருவது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். நாயின் குறையை மறைக்காதீர்கள். தாடி வைத்தவர்களைக் கண்டால் குரைக்கும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ரயிலில் அனுப்புவதாக இருந்தால் முதல் வகுப்பில் தனி கூப்பே (நமக்கு மட்டுமான சின்ன அறை) எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டு. பயந்த நாய்க்குக் கார்தான் நல்லது, கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் கொடுக்க வேண்டாம். துவைக்காத பழைய விரிப்பையும், சில நாளைக்கான அதே சாப்பாட்டையும், ஊசி அட்டையையும் கூடவே அனுப்புங்கள். முதல் சில வாரம் காம்பவுண்டுக்குள்ளும் கயிற்றோடுதான் என்று சொல்லி அனுப்புங்கள், புதிய வீட்டிலிருந்து தப்பி ஓடுவது அந்த நாட்களில்தான்.

பிள்ளைகள் அழுவார்கள், "இங்கேயே நிக்கட்டு" என்று நாயைச் சாய்ப்பைத் தாண்ட விடாத மாமியாரே சொல்வார். வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதோடு ஃபாஸ்டருக்கு இருந்த இடம் நிறைந்தது, அடுத்த போன் வரும்போது இடமில்லை என்று சொல்லத் துணிவு வேண்டும். கொடுத்துவிட்டால் ஒரு மாதம் போய்ப் பார்க்காமல், போட்டோ மட்டும் கேளுங்கள். தட்டையும் தரையையும் பிளீச் போட்டுக் கழுவி, கிழிந்த வலையைத் தைத்து, வீட்டில் எல்லாரும் இரண்டு வாரமாவது நன்றாகத் தூங்கிய பிறகு அடுத்ததைப் பற்றிப் பேசுங்கள்.