மாங்காய்ச் சீட்டைத் தாமதப்படுத்திய ஜிட்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றின் கொள்முதல் கணக்கு மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறேன். தோத்தாபுரி லாரிகள் எடைமேடையில் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில், விவசாயியின் பாக்கியைக் காட்டும் சீட்டு வருவதற்கு இரண்டு விநாடி ஆகத் தொடங்கியது. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 11-ஆம் பதிப்பை விட்டுப் புதிய பதிப்புக்கு மாறிய வாரம் அது.

வழக்கம்போல் இண்டெக்ஸை (தரவை விரைந்து தேட உதவும் அகவரிசையை) சந்தேகித்து ஒரு நாளை வீணடித்தேன். பிறகுதான், ஒரு வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எங்கே எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையின் முடிவைக் கடைசி வரி வரை படித்தேன். (பாதியில் நிறுத்துவது என் கெட்ட பழக்கம்.) அடியில் ஜிட் (வினவல் ஓடும்போதே அதை எந்திர மொழிக்கு மாற்றும் வசதி) என்று ஒரு பகுதி. மொத்தம் 2,000 மில்லிவிநாடியில் 1,900-ஐ அதுவே விழுங்கியிருந்தது!

11-ஆம் பதிப்பில் ஜிட் இயல்பாக அணைந்திருக்கும். 12-ஆம் பதிப்பில் இயல்பாக இயங்கத் தொடங்கியது. வினவலின் உத்தேசச் செலவு (பணமல்ல, வேலையின் அளவுக்குப் போஸ்ட்கிரெஸ் போடும் மதிப்பெண்) 1,00,000-ஐத் தாண்டினால் அதன் கணக்கீடுகளை எந்திர மொழிக்கு மாற்றுகிறது. 5,00,000-ஐத் தாண்டினால் மேலும் மெருகேற்றுகிறது. அந்த மெருகுதான் நேரத்தைத் தின்றது. மாற்றியதைச் சேமித்துவைப்பதும் இல்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் முதலிலிருந்து தொடங்குகிறது. எங்கள் அட்டவணையோ மாதவாரியாகப் பல துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வேலை. கொசுவை அடிக்கக் கோடாலி தீட்டிய கதை.

என் இணைப்பில் மட்டும் ஜிட்டை அணைத்துப் பார்த்தேன்: 90 மில்லிவிநாடி. ஆண்டறிக்கைக்கு அது உதவுவதால் முழுவதுமாக அணைக்கவில்லை. எடைமேடைப் பயனருக்கு மட்டும் அணைத்தேன். அப்படியும் வேகம் கூடவில்லை. அந்த மாற்றம் புதிய இணைப்புகளுக்கே பொருந்தும் என்பதை மறந்து அரை மணி நேரம் விழித்தேன். செயலியை மறுதொடக்கம் செய்ததும் சீட்டு உடனே வந்தது.