33 சதவீதத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

நாடாளுமன்றத்தில் மகளிர் இடஒதுக்கீடு என்றதும் பேச்சு நேராகச் சதவீதத்துக்குப் போய்விடும். 30ஆ, 33ஆ, 50ஆ? முதல் சறுக்கல் அங்கேதான். சதவீதத்துக்குக் கீழே உள்ள ஷரத்துகளைப் படிக்காமல் எந்தச் சட்டத்தையும் எடைபோடாதீர்கள்.

மெக்சிகோவில் ஒவ்வொரு வேட்பாளரோடும் ஒரு மாற்று வேட்பாளரின் பெயரும் சேர்ந்தே போகும். ஜெயித்தவர் விலகினால் அந்த இடம் மாற்று ஆளுக்கு. வேட்பாளர்களில் குறைந்தது 40 சதவீதம் பெண்கள் வேண்டும் என்று சட்டம் சொன்னது. மாற்று ஆளைப் பற்றிக் கறாராக எதுவும் சொல்லவில்லை. போதாதா? கட்சிகள் பெண்ணை நிறுத்தி, மாற்றாக ஆணைப் போட்டன. 2009 தேர்தலில் வென்ற பெண்கள் சிலர் பதவியேற்ற கையோடு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தவர்கள் ஆண்கள். 2011இல் தேர்தல் தீர்ப்பாயம் தலையிட்டு, வேட்பாளர் பெண் என்றால் மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்ற பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது.

பிரான்சின் கதை இன்னும் வெளிப்படை. பாதி வேட்பாளர்கள் பெண்கள், இல்லையென்றால் அரசு நிதி குறையும் என்று 2000இல் சட்டம் வந்தது. பெரிய கட்சிகள் கணக்குப் போட்டுப் பார்த்துப் பணத்தை இழக்கவே துணிந்தன. 2002 தேர்தலில் தேசிய சபைக்குள் வந்த பெண்கள் 12 சதவீதம்தான்.

இந்த உதாரணங்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்துவதும் தவறு. அங்கெல்லாம் ஒதுக்கீடு வேட்பாளர் பட்டியலில். நம் அரசியலமைப்பின் 106ஆவது திருத்தம் (2023) தொகுதியையே பெண்களுக்கு ஒதுக்குகிறது. போட்டியிடுவோர் எல்லாரும் பெண்கள் என்பதால் மேலே சொன்ன தந்திரங்கள் இங்கே எடுபடா. நம் ஊர்ச் சிக்கல் தேதியில் இருக்கிறது. சட்டத்துக்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அப்புறம் தொகுதி மறுவரையறை, அதன் பிறகே ஒதுக்கீடு என்பது அந்தத் திருத்தத்தின் வாசகம். அதனால்தான் 2024இல் மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் பெண்கள் வெறும் 74.

'தகுதியில்லாதவர்கள் வந்துவிடுவார்கள்' என்ற வாதத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 1993இல் சுவீடனின் சமூக ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பட்டியலில் ஆண், பெண் என்று மாற்றி மாற்றிப் போட முடிவெடுத்தது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டது, இடம் பறிபோனது சுமாரான ஆண்களுக்கு என்பதே.

எண்ணிக்கை ஏறினால் சமத்துவமும் கூடவே ஏறிவிடும் என்று நம்புவோரும் உண்டு. ருவாண்டாவில் 2008இல் கீழவையில் பெண்களே பெரும்பான்மை, உலகிலேயே முதல் முறையாக. மறு வருடமே வந்த தொழிலாளர் சட்டம், முழுச் சம்பளத்தோடு கூடிய 12 வார மகப்பேறு விடுப்பை 6 வாரமாகக் குறைத்தது! அதைச் சரிசெய்ய 2016 ஆயிற்று. பெண் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை தந்த சட்டமோ ஒதுக்கீட்டுக்கு முன்பே, 1999இல் வந்தது. ஒரே கட்சியின் பிடியில் இருக்கும் அவையில் உறுப்பினர் ஆணா பெண்ணா என்பது ஓரளவுக்குத்தான் எடுபடும்.

அதற்காக, ஒரு தேர்தல் முடிந்ததும் 'என்ன மாறிவிட்டது?' என்று உதட்டைப் பிதுக்குவதும் அவசரம். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வின்படி, பஞ்சாயத்துத் தலைவர் பதவி இரண்டு முறை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், வளரிளம் பருவத்துப் பெண் பிள்ளைகளின் படிப்பு ஆண் பிள்ளைகளுக்கு நிகராக வந்திருந்தது. அதே ஆய்வில், இளம்பெண்களின் வேலைவாய்ப்பில் மட்டும் மாற்றம் தென்படவில்லை.