பழைய டர்போ காருக்கு சென்சார் தேடிப் பொருத்துவது எப்படி?

என் கார் 2009 ஸ்விஃப்ட் டீசல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீரில் அதுவும் நின்றது. தண்ணீர் வடிந்ததும் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதம் கழித்து பேசின் பிரிட்ஜ் பாலம் ஏறும்போது பிக்கப் சுத்தமாக இல்லை, செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "ஏர் ஃப்ளோ சென்சார் போயிடுச்சு" என்றார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது அது. நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதிது போட்டேன். மூன்றாம் நாள் அதே விளக்கு. நானே கப்ளரை, அதாவது சென்சாரில் ஒயர் மாட்டும் பிளக்கை, கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு பின் பச்சை பூத்துக் கிடந்தது. பழைய சென்சாரில் எந்தக் குறையும் இல்லை.

அன்றிலிருந்து அளக்காமல் எதையும் வாங்குவதில்லை. முதன்முறை சென்சாரில் கைவைப்பவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்கேனர் அல்லது காரின் ஓபிடி (கோளாறு கண்டறியும்) சாக்கெட்டில் மாட்டும் புளூடூத் அடாப்டர், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, குண்டூசி.

படி 1: ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணைப் படியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

பி0100 முதல் பி0104 வரை வந்தால் ஏர் ஃப்ளோ. பி0105 முதல் பி0109 வரை மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) பிரஷர். பி0115 முதல் பி0119 வரை கூலன்ட் சூடு. பி0335 கிராங்க், அதாவது எஞ்சினின் சுழல் தண்டு. இந்தக் கோளாறு எண்கள் எதற்கும் "சென்சார் கெட்டுவிட்டது" என்று அர்த்தம் கிடையாது. அந்த லைனில் வரும் சிக்னல் சரியில்லை என்று மட்டும்தான் ஈசியு, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், சொல்கிறது. ஒயர் அறுந்திருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கலாம். பி0299, அதாவது பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) குறைவு என்று வந்தால், ஹோஸையும் கிளாம்ப்பையும் கையால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில்தான் பெரும்பாலும் காற்று கசியும்.

நம் ஊரில் பிஎஸ்-4 விதிகளோடு 2010க்குப் பிறகுதான் ஓபிடி கட்டாயமாக வந்தது. அதற்கு முந்தைய காரில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் மலிவான அடாப்டர் அதோடு பேசாமல் போகலாம். அப்போது அந்தக் கம்பெனி கார்களுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போய் கோளாறு எண்ணை மட்டும் எழுதி வாங்கி வாருங்கள்.

படி 2: கப்ளரைச் சோதியுங்கள்

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. உப்புக் காற்று கப்ளருக்குள் புகுந்து செம்பைத் தின்றுவிடும். சாவியை அணைத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, கப்ளரை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷால் தேய்த்துக் காயவிடுங்கள். பின்னே அரித்துப்போயிருந்தால் கப்ளரை மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பிரஷர் சென்சார் கப்ளரில் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு ஒயரிங்கில். எத்தனை புது சென்சார் போட்டாலும் விளக்கு அணையாது. குண்டூசியைக் கப்ளரின் பின்பக்கமாக நுழைத்து அளவெடுங்கள். ஒயரின் மேலுறையைக் குத்தி ஓட்டை போட்டால் அடுத்த மழைக்கு அங்கேயே அரிப்பு தொடங்கும்.

படி 3: சென்சாரை அளங்கள்

பிரஷர் சென்சாருக்கு வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம். எஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான், அது ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (சென்சார்கள் அந்த நொடியில் தரும் அளவுகள்) 100, 101 என்று காட்டினால் சென்சார் அந்தப் புள்ளியில் சரி. 85 என்றோ 120 என்றோ காட்டினால் சந்தேகப்படுங்கள்.

கூலன்ட் சென்சாரை எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி ஓம்ஸில் அளக்கலாம். சூடேற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை இது. பாஷ் பரவலாகத் தரும் வகையில் 20 டிகிரியில் 2500 ஓம், 30 டிகிரியில் சுமார் 1700, 80 டிகிரியில் சுமார் 320. ஒரு டம்ளர் வெந்நீரும் தெர்மாமீட்டரும் போதும். நீர் ஆற ஆற நாலு இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாலு எண்கள்தான் பிறகு கடையில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கிராங்க் சென்சார் இரண்டு பின் என்றால் பெரும்பாலும் காயில் வகை. சில நூறு ஓம் காட்டும். மூன்று பின் என்றால் பெரும்பாலும் உள்ளே எலக்ட்ரானிக் சிப் உள்ள ஹால் வகை. அதை ஓம்ஸில் அளக்கக் கூடாது. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போட முடியாது.

படி 4: எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

கார் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். சென்சாரின் உடம்பிலேயே இருக்கும் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பாஷ் சென்சாரில் பத்து இலக்க எண் இருக்கும். 0 281 என்று தொடங்கினால் டீசல் வரிசை, 0 261 என்றால் பெட்ரோல் வரிசை. அதே எண் கார் கம்பெனி அட்டைப்பெட்டியில் ஒரு விலைக்கும், பாஷ் அட்டைப்பெட்டியில் வேறு விலைக்கும் கிடைக்கும்.

ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஃபியட் வடிவமைத்தது. டிசையர், ரிட்ஸ், புன்டோ, லீனியா, இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் வந்தது. அதனால் தேடுவதற்கு இடம் அதிகம். ஆனால் எஞ்சின் ஒன்று என்பதற்காகச் சென்சாரும் ஒன்று என்று முடிவுகட்டாதீர்கள். எண் ஒத்துப்போக வேண்டும்.

புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். கப்ளர், பின், ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும் குழாய்) எல்லாம் பக்கத்திலேயே ரிச்சி தெருவில். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நிறைய ஷட்டர்கள் இறங்கியிருக்கும். பழையதற்குப் புதுப்பேட்டை. அங்கே "பாய், கப்ளரோட ஒயரை ஒரு சாண் விட்டு வெட்டிக் குடுங்க" என்று கேளுங்கள். அந்த ஒரு சாண் ஒயர் பிறகு பெரிய உதவி. மல்டிமீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். கூலன்ட் சென்சாரை அங்கேயே அளந்து, உங்கள் குறிப்போடு ஒப்பிடலாம்.

ரயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் குழாய்) பிரஷர் சென்சாரை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், வீட்டில் கழற்றவும் கழற்றாதீர்கள். காமன் ரயில் எனப்படும் அந்தக் குழாயில் டீசல் 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 5: அதே எண் கிடைக்காவிட்டால்

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கப்ளர் "டக்" என்று உட்கார்ந்துவிட்டால் சென்சார் பொருந்திவிட்டது என்று நினைக்கிறார்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பிரஷர் சென்சார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை அளப்பது, மற்றது 20 முதல் 300 வரை. இரண்டுமே அந்த வீச்சை 0.4 வோல்ட்டிலிருந்து 4.65 வோல்ட்டுக்குள் காட்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் முதலாவது சுமார் 1.9 வோல்ட் தரும், இரண்டாவது சுமார் 1.6 வோல்ட்தான். 250 வகைக்கு எழுதப்பட்ட ஈசியுவில் 300 வகையை மாட்டினால், உள்ளே உண்மையில் 220 இருக்கும்போது ஈசியு 184 என்று புரிந்துகொள்ளும். டர்போவை ஈசியு கட்டுப்படுத்தும் கார்களில், பூஸ்ட் போதவில்லை என்று அது இன்னும் ஏற்றும். எஞ்சினுக்கு இது நல்லதல்ல. எனவே வீச்சு மாறினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரெசிஸ்டர் போட்டுச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள்.

வீச்சும் வோல்ட்டும் ஒன்றாக இருந்து கப்ளர் மட்டும் வேறாக இருந்தால் தாராளமாக மாற்றலாம். அந்த ஒரு சாண் ஒயர் இதற்குத்தான். ஒயர் நிறத்தை நம்பாமல் எது சப்ளை, எது எர்த், எது சிக்னல் என்று மீட்டரில் பார்த்துத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயரையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டி இணைத்தால் இணைப்புகள் ஒன்றோடொன்று உரசாது. முறுக்கி டேப் சுற்றாதீர்கள். கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

ஏர் ஃப்ளோவில் இன்னொரு எச்சரிக்கை. குழாயின் விட்டம் மாறினால் கணக்கே மாறிவிடும். முடிந்தால் உங்கள் பழைய குழாயை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சென்சாரை மட்டும் மாற்றுங்கள். அதன் மெல்லிய தகட்டில் விரல் படக்கூடாது.

படி 6: மாட்டுங்கள், ஓட்டிப் பாருங்கள்

புது ஓரிங் (ரப்பர் வளையம்), புது செம்பு வாஷர். கூலன்ட் சென்சாரை அதிகம் இறுக்க வேண்டாம், மரை போய்விடும். சிந்திய அளவு கூலன்ட்டை நிரப்பி, உள்ளே தங்கிய காற்றை எடுத்துவிடுங்கள். கோளாறு எண்ணை அழித்துவிட்டு முதலில் சாவியை மட்டும் ஆன் செய்து பிரஷர் சென்சாரின் 101ஐச் சரிபாருங்கள். காலையில் ஆறிய எஞ்சினில் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்ட வேண்டும். அதன் பிறகு கண்டெய்னர் லாரிகள் குறைவாக இருக்கும் நேரத்தில் எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் போய் வாருங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து லைவ் டேட்டாவைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்.

விளக்கு எரியாமல் ஒரு வாரம் ஓடிவிட்டால், கழற்றிய சென்சாரில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். என் பழைய ஏர் ஃப்ளோ சென்சார் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது, வேலையும் செய்கிறது.