இசைக்குழுவிலிருந்து தனிப்பாடகராக

இசைக்குழுவை விட்டுத் தனியே பாடத் துணியும் நாட்டுப்புற ராக் பாடகர், எந்தப் பாட்டில் யாருக்கு என்ன பங்கு என்பதை முதலில் குழுவினருடன் பேசி எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு உரிமையை எழுதிக்கொடுத்தாலும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை இழப்பதில்லை என்பதால், நட்பு கெடுமே என்று இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது ஒலி. டிரம்ஸ் இல்லாத வெற்றிடத்தை வேகத்தால் நிரப்ப முயல்வது பெருந்தவறு என்றே கருதுகிறேன். கட்டைவிரலால் கிட்டாரின் தடித்த தந்திகளில் தாளத்தை நிலைநிறுத்தி, மற்ற விரல்களால் மெட்டைத் தொடுங்கள். உரக்கப் பாடிப் பழகிய சுருதியை ஒரு கட்டை இறக்குங்கள்.

காரைக்குடிப் பக்கத்து வளவு வீடு, அதாவது நடுவில் திறந்த முற்றமுள்ள செட்டிநாட்டு வீடு, பயிற்சிக்கு அருமையான இடம். ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் குரலை எதிரொலித்துச் சொற்களின் ஈற்றெழுத்தைக் குழைத்துவிடும். ஆகவே காலடியில் கோரைப்பாய் விரித்து, திறந்த முற்றத்தை நோக்கிப் பாடுங்கள். மூச்சைப் பிடித்து இழுக்கும் நுட்பத்தை, வீட்டு ஆச்சி தாலாட்டில் ‘ஆராரோ’ என்று நீட்டும் இடத்தில் அருகிருந்து கேட்டறியலாம். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

முதல் நிகழ்ச்சிக்கு ஆறு பாடல்கள் போதும்; அவற்றில் குறைந்தது நான்கு பாடல்கள் புதியனவாக இருக்கட்டும்.