அரசு வழக்கறிஞர் மீது புகார் எழுதும் முறை
கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் உங்கள் வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர் முக்கியச் சாட்சியை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டதாகக் கருதினால், முதலில் அன்றைய உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யுங்கள். "எதிர்த்தரப்போடு டீ குடித்தார்" என்று எழுதினால் புகார் நிற்காது. வழக்கு எண்ணும் வாய்தா தேதியும்தான் எடுபடும். அரசு வழக்கறிஞர்களை மேற்பார்வையிடும் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் அரசின் கீழேயே இயங்குவதால், அங்கு மனுக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி வழக்கறிஞர்களின் ஒழுங்குமுறை அமைப்பான தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலிலும் தொழில்முறைத் தவறு குறித்துப் புகார் அளிக்கலாம். லஞ்சம் கேட்டால், பணம் கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையை அணுகுங்கள். வழக்கைத் திரும்பப் பெற அவர் மனுச் செய்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவருக்கு வாய்ப்பளிக்காமல் நீதிமன்றம் அனுமதிக்க முடியாது. ஆகவே அன்று நேரில் சென்று ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.