லாஸ் வேகஸிலிருந்து கேன்யன் சுற்று: குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கு

லாஸ் வேகஸில் காரை வாடகைக்கு எடுத்து, யூட்டாவின் ஜயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், பிறகு அரிசோனாவின் பேஜ் ஊர், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு என்று சுற்றித் திரும்பினால் சுமார் 800 மைல். ஆறு இரவுகள் வேண்டும்: ஜயானில் இரண்டு, பிரைஸிலும் பேஜிலும் ஒவ்வொன்று, கிராண்ட் கேன்யனில் இரண்டு. நாலே நாளில் முடிக்கலாம் என்பார்கள். குழந்தைகளும் தாத்தா பாட்டியும் ஏறிய வண்டிக்கு அது தோதுப்படாது. மே மாதமும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரையும் நல்ல காலம்.

நடையெல்லாம் காலை பத்து மணிக்குள், அல்லது மாலை நாலுக்குப் பிறகு. நடுப்பகலைக் கார் ஓட்டுவதற்கு ஒதுக்குங்கள். நாளின் திட்டத்தை இதை வைத்துத்தான் போட வேண்டும்.

ஜயானில் மார்ச் முதல் நவம்பர் வரை பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் கார் போக முடியாது. பூங்காவின் இலவச ஷட்டில் பஸ்தான். வாசலில் உள்ள பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும், ஏழு மணிக்கே போய்விடுங்கள். கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ரிவர்சைட் வாக் போய்வர 2.2 மைல், பெரும்பாலும் சமதளம், பெரியவர்களுக்கும் ஏற்றது. ஏஞ்சல்ஸ் லேண்டிங்குக்கு 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு வேண்டும். சங்கிலியைப் பிடித்து ஏறும் மலைமுதுகு அது, சின்னப் பிள்ளைகளோடு அந்தப் பக்கமே வேண்டாம்.

பிரைஸுக்கு ஜயானின் கிழக்கு வாசல் வழியாகப் போனால் 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கப்பாதை வரும். ஹெட்லைட் போடுங்கள், உள்ளே நிறுத்தக் கூடாது. ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) எடுப்பவர்கள் வண்டியின் உயர, அகலக் கட்டுப்பாட்டை முன்பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பிரைஸின் விளிம்பு 8,000 அடிக்கு மேல். மே மாதத்திலும் இரவில் உறைபனி உண்டு, ஸ்வெட்டர் கட்டாயம். கீழே இறங்குபவர்கள் சன்ரைஸ் பாயின்டில் தொடங்கி, குவீன்ஸ் கார்டன் வழியாக இறங்கி, நவாஹோ லூப் வழியாக ஏறுங்கள். சுமார் மூன்று மைல். இறங்கிய நேரத்தைப் போல இரு மடங்கை ஏற்றத்துக்கு வையுங்கள்.

பிரைஸில் சமைப்பவர்களுக்கு: இந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரமாகும். குக்கர்தான் வழி, அதிலும் கொஞ்சம் கூடுதல் நேரம். சாதத்துக்கு டம்ளருக்குக் கால் டம்ளர் தண்ணீர் கூட விடுங்கள். தயிர் டப்பாவை மடியில் வைத்துத் திறக்காதீர்கள். மூடி உப்பி நிற்கும், திறந்ததும் தெறிக்கும்.

பிரைஸிலிருந்து பேஜுக்குக் கனாப் வழியாக 150 மைல். மேப் சில சமயம் காட்டன்வுட் கேன்யன் ரோட்டைக் குறுக்கு வழியாகக் காட்டும். அது மண் சாலை. மழை பட்டால் களிமண் சோப்பாக வழுக்கும், சக்கரம் புதையும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண் சாலையை அனுமதிப்பதில்லை, இழுவை வண்டிச் செலவு உங்கள் தலையில்தான் விழும். வழியை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், பாதி தூரம் சிக்னல் இருக்காது.

அடுத்த வில்லங்கம் கடிகாரம். கோடையில் நெவாடாவும் அரிசோனாவும் ஒரே நேரம். யூட்டா ஒரு மணி முன்னால். அரிசோனாவுக்குள்ளேயே நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் யூட்டா நேரம் ஓடும். பேஜில் நிற்கும்போது போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜ் அருகே உள்ள குறுகிய பாறைப் பள்ளமான ஆன்டிலோப் கேன்யனின் டூர்கள் அரிசோனா நேரப்படி புறப்படும். அதனால் போனில் தானியங்கி நேரத்தை அணைத்து ஃபீனிக்ஸ் (அரிசோனா நேரம்) என்று கையால் வைத்துவிடுங்கள். டூரைத் தவறவிட்டால் பணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிலோப்புக்குள் நவாஹோ வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், பையோ செல்ஃபி ஸ்டிக்கோ கூடாது. அதன் லோயர் என்ற பகுதியில் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. முட்டிவலிக்காரர்கள் அதைத் தவிர்க்கலாம். 1997 ஆகஸ்டில் அங்கே திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை, தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் எந்தக் குறுகிய பள்ளத்திலும் வானிலை அறிக்கை பார்க்காமல் இறங்காதீர்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சுள்ளிகள் மிதந்து வந்தால், பையை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றுக்கும் காருக்குத் தலா 35 டாலர். எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் 80 டாலர் ஆண்டு பாஸ் லாபம். 2026 முதல் அந்த விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்கு 250. ஊரிலிருந்து வந்த பெற்றோர் கூட வந்தால் இதைக் கணக்கில் வையுங்கள். ஆன்டிலோப்புக்கும், பேஜ் அருகே கொலராடோ ஆறு வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்கும் இந்தப் பாஸ் செல்லாது.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன், சுமார் நாலு லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்புச்சத்து இறங்கித் தலைசுற்றலும் வாந்தியும் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து. முறுக்கு, புளிசாதம், உப்புக்கடலை என்று ஏதாவது கூடவே உள்ளே போக வேண்டும். இந்த விஷயத்தில் நம் பயணச் சாப்பாடு எனர்ஜி பாரைவிட மேல்.

கிராண்ட் கேன்யன் விளிம்பில் பல இடங்களில் கம்பி வேலி இல்லை, பிள்ளைகள் கை பிடியில் இருக்கட்டும். கீழே போகப்போகக் குளிரும் என்று நினைக்காதீர்கள்; அடித்தளம் மேலிருப்பதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடு. அணிலுக்குத் தீனி போட்டால் கடிக்கும்.

டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்காதீர்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று காரை வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள், பல புதுக் கார்களில் இருக்காது. கனாப், பேஜ், கேமரன், டுசயான் ஊர்களில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். கிராண்ட் கேன்யன் வாசலை ஒட்டிய டுசயானைச் சுற்றி அந்தி நேரத்தில் எல்க் மான்கள் சாலையில் நிற்கும், லாஸ் வேகஸுக்குத் திரும்பும் 280 மைலைக் காலையிலேயே தொடங்குங்கள். வழியில் அரிசோனாவின் கிங்மேனில் டாங்கை நிரப்பிவிட்டால் நெவாடா விலை கொடுக்க வேண்டியதில்லை.